சாலேமிலிருந்து வந்தவன்

சாட்சி சொல்ல ஏழு நிமிஷம்,
அறிவிப்புக்கும் காணிக்கைக்கும் நடுவில்.
'கானாவில் ஒரு மாத ஊழியம்' என்று
சூரமங்கலம் சபைப் பலகையில் சாக்பீஸ் எழுத்து.
மைக்கைக் கையில் கொடுக்கும்போது
ஐயர் காதோரம் கேட்டார்:
எத்தனை ஆத்துமா, தம்பி?

எனக்குத் தெரிந்தது அடிக்கணக்கு.
முதல் குழி முந்நூற்று இருபது. புகை.
இரண்டாவது நானூறு. புகை.
மூன்றாவதில் ராடு மாட்டிக்கொண்டது.
ஹேமரை அந்தப் பூமிக்கே விட்டுவிட்டு வந்தோம்.

சங்ககிரியில் பெயின்ட் அடித்து,
தூத்துக்குடியில் கப்பலேறி,
தேமா துறைமுகத்தில் இறங்கிய வண்டி.
நெற்றியில் இன்னும் 'வேலன் துணை'.
அழிக்கச் சொன்னார் மிஷன்காரர்.
வடக்கே எந்தக் கடையிலும் தின்னர் கிடைக்கவில்லை.
அந்த மாதம் முழுக்க
வேலனும் எங்களோடு ஊழியத்துக்கு வந்தான்.

ஜனவரி. பாலைவனத்துப் பக்கமிருந்து
மாவு சலித்த மாதிரி ஒரு காற்று.
உதடு வெடித்தது. சூரியன் வெறும் தட்டு.
மேக்னசைட் தூசியில் வளர்ந்த ஆள் நான்,
எனக்கே இருமல்.
ராத்திரி கம்பு மாவுக் களி, வழவழவென்று வெண்டைக்காய்க் குழம்பு.
கண்ணை மூடிக்கொண்டால் ஓமலூர்.
திறந்தால், அடுத்தவர் தட்டில்
என்னுடையதைவிடச் சின்ன உருண்டை.

நாலாவது இடத்துக்குப் போகிற வழியில்
பின் அச்சு முறிந்தது.
பள்ளிக்கூடத்துக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நடுவில், வேப்பமரத்தடியில்.
நகர்த்த முடியாத வண்டி.
நின்ற இடத்திலேயே போட்டோம்.
நூற்றைம்பதில் ஈரம்.
நூற்றுத் தொண்ணூறில் ரெண்டரை இன்ச்.
கினிக்கோழிகள் கூரைமேல் ஏறிக் கத்தின.
பிள்ளைகள் சட்டையோடு நனைந்தார்கள்.

கர்த்தர் அச்சை முறித்தார் என்றார் மிஷன்காரர்.
போல்ட் தேய்ந்திருந்தது.
கிளம்பும்போதே அதைப் பார்த்தவன் நான்,
மாற்றாமல் விட்டவனும் நான்தான்.
இதை எந்தக் கணக்கில் எழுதுவது
என்று இன்னும் தெரியவில்லை.

உபதேசியார் அக்கோல்கோ ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார்:
இவன் சாலேமிலிருந்து வந்தவன்.
பழைய ராஜா ஒருவன்
அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு
களைத்து வந்தவர்களை எதிர்கொண்டானே, அந்த ஊர்.
பெண்கள் வந்து என் கிரீஸ் கையைத் தொட்டுப் பார்த்தார்கள்.
உங்கள் ராஜா சுகமா?
ராஜா இல்லை, கலெக்டர் இருக்கிறார் என்றேன்.
கொலுசு செய்வோம். இரும்பு உருக்குவோம்.
மாம்பழம் உண்டு.
அக்கோல்கோ எப்படி மொழிபெயர்த்தாரோ,
எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அயின்போகா மட்டும் பேசினைத் தலையிலிருந்து இறக்காமல் கேட்டாள்:
அந்தச் சாலேமில் தண்ணீர் இருக்கிறதா?

பொய் சொல்லியிருக்கலாம்.
எட்டு நாளைக்கொருமுறை என்றேன்.
நடுராத்திரி, இரண்டு மணி நேரம்.
வீட்டு போர் தொள்ளாயிரம் அடி,
வறண்டு இரண்டு வருஷமாகிறது.
துளை போடுகிற நான்
லாரித் தண்ணீர் வாங்குகிறேன்.
சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
பிறகு யாரோ ஒருத்தி சிரிப்பதை நிறுத்தினாள்.

நிரம்பின பேசினை இறக்கிவைத்து
புதுச் சேற்றில் முழங்கால் போட்டாள் அயின்போகா.
பாஷை புரியவில்லை.
நடுநடுவே ஒரே ஒரு வார்த்தை,
சாலேம், சாலேம்,
கடன்காரனை வாசலில் நின்று கூப்பிடுகிற குரலில்.
ஜெபிக்கப் போனவன் நான்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.

மைக்கில் இதையெல்லாம் சொல்லவில்லை.
நாலு குழி, ஒன்றில் தண்ணீர்,
தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று உட்கார்ந்துவிட்டேன்.
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
காணிக்கைப் பை சீக்கிரமே புறப்பட்டது.

இப்போது மணி இரண்டரை.
ரோசலின் குடங்களை வரிசை வைத்துவிட்டு
படியில் தூங்கிவழிகிறாள்.
குழாய் உஸ்ஸென்கிறது.
முதலில் காற்றுதான் வரும்.
அங்கே இன்னும் நேற்று, ராத்திரி ஒன்பது.
களி கிண்டிய சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

காற்றுதான்.
பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.